மூடியோடு ஒரு பானை

வேல்விழி செத்து முப்பத்திரண்டாம் நாள், அவளுடைய துணி எல்லாவற்றையும் பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு எவர்சில்வர் பானை வாங்கினேன். மூடிக்கும் சேர்த்துப் பேரம் பேசினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் சமாதானம் சொல்வது போல ஆகிவிடும். எனக்குச் சமாதானம் சொல்லிப் பழக்கம் இல்லை.

வேல்விழி என் நாத்தனார். நான் வருசநாட்டிலிருந்து மார்க்கையன்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து இரண்டு ஆவணியில், இருபது வயதில், மஞ்சள் காமாலை வந்து மூன்றே வாரத்தில் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். நான் காப்பி போட்டேன். அத்தனை பேருக்கும் காப்பி போட ஒருத்தி வேண்டும் அல்லவா என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

என் மாமியார் சங்கிலியம்மாள் சோற்றைத் தொடாமல் கிடந்தார். கம்பத்திலிருந்து அவருடைய தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி விடிந்ததும் வாழைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அந்த முப்பத்திரண்டாம் நாள் எதற்கோ பீரோவைத் திறந்தேன். அவளுடைய பவுடர் வாசம் வந்தது. ஒரு மாதமாக அந்தப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் வந்தது. அழுகை வந்தாலும் பரவாயில்லை, வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று சத்தம் கேட்டது.

பாத்திரக்காரி மொக்கம்மாள் கூடையை வாசலில் இறக்கினாள். நான் பீரோவின் கீழ்த் தட்டைக் காலி செய்து அவள் முன்னால் போட்டேன். சுடிதார்கள், பாவாடைகள், மூன்று சேலை, ஒரு ஸ்வெட்டர். அவள் ஒவ்வொன்றையும் உதறி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"சுடிதாருக்கெல்லாம் மதிப்பு இல்ல தாயி. சேல, பேண்டுன்னாத்தான் பாத்திரம். இந்தச் சுங்குடி வேற வெளுத்துக் கெடக்கு."

"மூடியோட குடுத்தாக் குடு. இல்லேன்னா மடிச்சு உள்ள வச்சிருவேன்" என்றேன்.

அது என் குரல்தான். யாரோ அடுத்த வீட்டில் பேரம் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றேன். மொக்கம்மாள் முனகிக்கொண்டே ஒரு மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பானைக்கு அது ஒரு சுற்றுப் பெரியது, சரியாக உட்காரவில்லை. ஆனாலும் மூடி மூடிதான். அவள் துணியை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு அரிசி களைந்தேன்.

இதில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வருசநாட்டு வீட்டில், செத்தவர் துணி பதினாறாம் நாளுக்கு மேல் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் பதினாறு நாள் பிந்திவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

இந்த வீட்டு வழக்கம் வேறு. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை இவர்கள் வெளியே அனுப்புவதில்லை. வருடம் திரும்பும் நாளில், அவள் உடுத்திய சேலை ஒன்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஓலைப்பெட்டிக்குள் வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு அவள் வீட்டுச்சாமி. கல்யாணமோ காதுகுத்தோ, அவள் பெட்டிக்கு முன்னால் விளக்குப் போட்டுவிட்டுத்தான் நடக்கும். மூன்று தலைமுறையாக இந்த வீட்டில் அப்படி யாரும் சாகவில்லை. அதனால் எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

கம்பத்திலிருந்து திரும்பி வந்ததும் அத்தை முதலில் கேட்டது இதைத்தான்.

"ஏத்தா மாரி, அவ துணிமணியெல்லாம் எங்கன இருக்கு?"

"மூட்ட கட்டிப் பரண்ல வச்சிருக்கேன் அத்தை."

பீரோவின் கீழ்த் தட்டு காலியாக இருந்ததை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. அந்த முகத்துக்கு வேறு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானமே பானையை மூடியோடு ஒரு சாக்குக்குள் போட்டு, வாயைக் கட்டி, பரணில் விதைக் கூடைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி, ஏணியில் ஏற மாட்டார். பார்ப்பதற்குத் துணி மூட்டை போலத்தான் இருந்தது.

ஒரு வருடம் ஓடியது. நான் எங்கேயும் போகவில்லை. சின்னமனூர்ச் சந்தைக்குக்கூட வீட்டுக்காரரையே அனுப்பினேன். அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, முதல் போகம் இல்லை. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அத்தை சுவரில் மாட்டியிருந்த வேல்விழியின் போட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆவணில வருசம் திரும்புது. இந்தா போட்டோவுல உடுத்தியிருக்கால்ல, இந்த அரக்குச் சுங்குடி, அதத்தான் பெட்டியில வைக்கணும். அது மேல அவளுக்கு அம்புட்டு ஆச. நாள் நெருங்கும்போது எறக்கிக் குடு."

பிறகுதான் அந்த வழக்கம் முழுவதையும் எனக்குச் சொன்னார். நான் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சுங்குடிச் சேலையைப் பற்றி அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அது கடையில் வாங்கியது இல்லை. தேனிச் சந்தையில், பழைய துணிக் குவியலில் பொறுக்கியது.

வருசநாட்டில் நாங்கள் வளர்ந்ததே சந்தைத் துணியில்தான். பழைய சேலை பார்ப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை. முந்தியைப் பார்த்து மயங்கக்கூடாது, முந்தி எல்லாச் சேலையிலும் நன்றாகத்தான் இருக்கும். குதிகால் படும் ஓரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தால் நூல் விலகுகிறதா என்று தெரிந்துவிடும். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்து வைத்திருப்பார்கள், ஒரு மூலையைக் கசக்கிப் பார்க்க வேண்டும். மார்க்கையன்கோட்டைக்கு வந்தபோது இந்த வித்தையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அத்தைக்குப் பழைய துணி என்றாலே ஆகாது. "அடுத்தவ உடுத்துனத உடுத்துனா அவ தலையெழுத்தும் சேந்து ஒட்டிக்கிரும்" என்பார்.

வேல்விழிதான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் என் ரோஸ் சேலையை மடித்துக்கொண்டிருந்தவள், ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"மதினி, இதுல ரெண்டு சலவைக் குறி இருக்கு. ரெண்டு ஊர்லயா வெளுக்கப் போட்டீக?"

நான் திருதிருவென்று முழித்தேன். காட்டிக் கொடுத்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அம்மா இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை, சினிமாவுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தேனி பஸ் ஏறுவோம். சந்தைக்குப் பின்பக்கம் தார்ப்பாய் விரித்துக் குவித்திருப்பார்கள். சேலை, பேண்ட், ஸ்வெட்டர் ஒரு பக்கம். பெல்ட், கைப்பை, கொண்டை ஊசி, கிளிப் எல்லாம் ஒரு பக்கம். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் பொறுக்குவார்கள். வேல்விழிக்குக் கைப்பைகள் மேல்தான் கண். ஒவ்வொன்றின் ஜிப்பையும் திறந்து உள்ளே விரலை விட்டுத் துழாவுவாள். பஸ் டிக்கெட், காய்ந்த மல்லிகை நார், கூரில்லாத பென்சில் என்று ஏதாவது வரும். "இவ டீச்சர் மதினி" என்பாள். "இவ யாரையோ பாக்கப் போயிருக்கா, டிக்கெட்டு போடிக்கு" என்பாள். வாங்க மாட்டாள். எடுத்ததை எடுத்த பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிடுவாள்.

அந்த அரக்குச் சுங்குடியைப் பங்குனி மாதம் எடுத்தோம். முந்திக்குப் பக்கத்தில் அவரை விதை அளவுக்கு ஓட்டை இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்து அதற்கு ஒட்டுத் தைத்தாள். அரக்கு நூல் இல்லாமல் பச்சை நூலில், ஒரு இலை மாதிரி. அவள் இடதுகைக்காரி. ஊசி பிடிக்கிறதும் இடது கையில்தான். சின்னாளப்பட்டியில் வாங்கியது என்று அத்தையிடம் நான்தான் புளுகினேன். அதை உடுத்திக்கொண்டு சின்னமனூர் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் வாங்கினோம். ஆவணியில் செத்துப்போனாள். தலையெழுத்து ஒட்டும் என்பதை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் அந்த ஐந்து மாதத்தை எத்தனை தடவை விரல் விட்டு எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்னொருத்தியின் சாவை நான் பஸ் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேனோ என்று தோன்றும். அந்த இடத்துக்கு வந்ததும் உள்ளே ஏதோ மரத்துப்போகும். எழுந்து போய்ப் பாத்திரம் விளக்குவேன்.

ஆக, அந்தச் சேலையை நான் கண்டுபிடித்தே தீர வேண்டும். கிடைக்காவிட்டால், பானைக்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொன்னால், அவள் அவ்வளவு ஆசைப்பட்ட சேலையை ஏன் போட்டாய் என்று கேட்பார், சந்தையில் வாங்கியதையும் சொல்ல வேண்டிவரும். அதைச் சொன்ன பிறகு அத்தை என்னைப் பார்க்கிற பார்வையோடு அந்த வீட்டில் நான் இருக்க முடியாது.

சனிக்கிழமை காலையில், பல் வலிக்கிறது, தேனிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டார் அத்தை.

"கடவாப் பல்லு."

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே மொக்கம்மாளைப் பிடித்துவிட்டேன். கூடையை இறக்கி வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"போன வருசத்துத் துணியா? நேத்துத் துணியே எங்கன போச்சுன்னு எனக்குத் தெரியாது தாயி. என் மூட்ட அம்புட்டும் தேனிச் சந்தையில சொர்ணலதாகிட்டப் போகும். அவகிட்டக் கேட்டுப் பாரு."

சொர்ணலதாவை எனக்கே தெரியும். நானும் வேல்விழியும் வழக்கமாகப் பொறுக்குகிற தார்ப்பாய் அவளுடையதுதான். அப்படியென்றால், அவளிடம் வாங்கிய சேலையை ஒரு சுற்றுச் சுற்றி அவளிடமே அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்துப் போகிறேன். தார்ப்பாய் அதே இடத்தில் கிடந்தது. சொர்ணலதா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்கக்கா. எம்புட்டு நாளாச்சு. கூட ஒரு புள்ள வருமே, பீச்சாங்கைக்காரி, அத எங்க?"

"கட்டிக் குடுத்தாச்சு" என்றேன்.

"எங்கன?"

"தூரமா."

"நல்ல கண்ணு அதுக்கு. என்னையவே ஏமாத்தி நல்ல துணியா எடுத்துட்டுப் போயிரும்" என்றாள்.

நான் குனிந்து தேட ஆரம்பித்தேன். பொய் சொன்னதில் கூச்சமே வரவில்லை. அந்த ஒரு நிமிடம் அவள் எங்கேயோ தூரத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை மறுபடியும் கடவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு போனேன். மத்தியானம் வரைக்கும் குவியலைப் புரட்டினேன். நூற்றுக்கணக்கான சேலைகள் கையில் வந்து போயின. மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, இடுப்பில் சொருகிச் சொருகி நைந்த மடிப்பு. ஒருத்தி குண்டாக இருந்திருக்கிறாள், ஒருத்தி குட்டை, ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறாள். இதில் எத்தனை பேர் செத்தவர்கள் என்று யோசித்தேன். யோசித்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் தன்பாட்டில் குதிகால் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னதான்க்கா தேடுறீக?" என்றாள் சொர்ணலதா.

அரக்கில் வெள்ளைப் புள்ளி, கடுகுக் கலர் பார்டர், முந்தியில் பச்சை ஒட்டு என்று சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சுங்குடியா? அது நூல் சேலையாச்சே. குளிருக்கு ஆகாதுன்னு மலைக்காரவுக தொட மாட்டாக. நாலு வாரம் பாப்பேன், போகலேன்னா பட்டறைக்குப் போட்டுருவேன். லாரி பட்டறையில எண்ண தொடைக்க. நூல் துணிதான் நல்லா உறிஞ்சும். சதுரஞ்சதுரமா வெட்டிக் கட்டிக் குடுத்துருவோம்."

"சரி" என்றேன்.

"அதுதான் வேணுமா?"

"ஆமா. இல்லேன்னாலும் பரவாயில்ல."

தேனியிலிருந்து திரும்பும் வழியில் பஸ் வீரபாண்டியில் நின்றது. ரோட்டோரப் பட்டறையில் ஒருவன் ஒரு துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன நிறம் என்று தெரியவில்லை, கறுப்பாக இருந்தது. பஸ் கிளம்பும் வரை அதையே பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை, நான் போய் நின்றதும் சொர்ணலதா ஒரு சேலையை எடுத்து நீட்டினாள். எனக்காகவே எடுத்து ஒதுக்கி வைத்திருந்தாள். அரக்குச் சுங்குடி. வெள்ளைப் புள்ளி. கடுகு பார்டர். விரித்து வெயிலுக்குப் பிடித்தேன். ஓட்டை இல்லை, ஒட்டும் இல்லை. வேறு யாருடையதோ. அவளுடையதை விடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

"இது அது இல்ல" என்றேன்.

"தெரியும்க்கா. வாசல் வாசலா ஏறித் துணி வாங்குறவுககிட்டயெல்லாம் சொல்லி வச்சேன். இதுதான் வந்துச்சு."

வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவள் கிளிப் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். நீலக் கல் வைத்த சின்ன கிளிப்.

"இத அந்தப் புள்ளைக்குக் குடுங்க. கல்யாணத்துக்கு நான் ஒண்ணுஞ் செய்யலேல்ல."

அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கத்திரிக்கோல் நுனியால் முந்திக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டேன். நல்ல சேலையில் ஓட்டை போட எனக்குக் கை கூசவில்லை. அவரை விதை அளவுக்குப் பெரிதாக்கினேன். பச்சை நூல் கோத்து, இலை மாதிரி ஒட்டுத் தைத்தேன். இரண்டு தடவை பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். அவள் பல்லால் நூலைக் கடிப்பாள், நானும் கடித்தேன். பிறகு பீரோவிலிருந்த பவுடர் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைத் தட்டி மடிப்புக்குள் தூவினேன். அப்படியொரு காரியத்தை நான் செய்வேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ஏணி வைத்து ஏறி இறங்கி, மூட்டையிலிருந்து எடுத்தது மாதிரிச் சேலையில் கொஞ்சம் தூசியையும் தடவி வைத்தேன்.

வருடம் திரும்பும் நாள் வந்தது. காலையில் அத்தை முற்றத்தில் மணைப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் கரைத்த அண்டா, புது ஓலைப்பெட்டி. என் வீட்டுக்காரர் அடுப்புக்குக் கல் கூட்டிவிட்டுத் தென்னம்பாளை வாங்கப் போயிருந்தார். நான் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளிப்பையும் வைத்தேன்.

அத்தை சேலையை மடியில் விரித்தார். முந்தியை இழுத்து, ஒட்டுத் தையல் மேல் கட்டை விரலை வைத்து ஒரு தடவை தடவினார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு தடவை தடவினார்.

"நல்லாத்தான் தச்சிருக்க" என்றார்.

நான் கிளிப்பை மணைப் பலகையின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"எம்மக பீச்சாங்கைக்காரி. அவ தையல் இங்குட்டுச் சாயும். இது அங்குட்டுச் சாயுது. வாராவாரம் அவ துணியத் தொவச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"அவ சேல சந்தைத் துணின்னும் தெரியும்" என்றார். "புதுச் சேலைன்னா மொத தண்ணியில சாயம் போகும். அது போகல. எவளோ நல்லா வெளுத்து உடுத்துன சேலைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போயிட்டு வந்து ஒரு நாளாவது படத்துக் கதையச் சொன்னீகளா?"

"அத்தை, நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அதுனாலதான் அவளுக்கு…"

"என்னத்த அதுனால?"

"நீங்க சொல்லுவீகள்ல. தலையெழுத்து ஒட்டிக்கிரும்னு."

அத்தை சேலையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வருடத்தில் இப்படி நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதையா நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிஞ்ச? எந்தத் துணியில ஆத்தா தலையெழுத்து ஒட்டும்? வீட்டுல புதுசு எடுக்க வழியிருக்கையில பழசு எதுக்குன்னு சொல்லுறதுதான். அவளுக்கு மஞ்சக்காமால வந்துச்சு. போயிட்டா."

பிறகு சேலையை மஞ்சள் தண்ணீரில் முக்கினார்.

"பரண்ல இருக்கறது துணி மூட்ட இல்லைன்னு தை மாசமே தெரியும். விளக்கமாறு எடுக்கத் தொரட்டிக் கம்ப மேல விட்டேன். சாக்குல பட்டுச்சு. ணங்குன்னு கேட்டுச்சு. துணி எங்கயாவது ணங்குன்னு கேக்குமா? பாத்திரக்காரிட்டப் போட்டுப் பானை வாங்கியிருக்கன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல அத்தை."

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். ஆடிப்பெருக்குல கேட்டதும் அதுக்குத்தான். நீ பல்லு வலிங்கற. மூணு சனிக்கெழம போன, ஒரு பல்லும் புடுங்கல. போகட்டும்னுதான் விட்டுட்டேன். அவ போனதுல இருந்து நீ வாசப்படியத் தாண்டல. எதுக்காவது பஸ் ஏறுனாச் சரின்னு நெனச்சேன்."

சேலையைப் பிழிந்து கொடியில் போட்டார். மஞ்சள் தண்ணீர் சொட்டியது. கிளிப்பைக் கையில் எடுத்து, இது ஏது என்று கேட்டார். சந்தையில் ஒருத்தி வேல்விழிக்கென்று கொடுத்தாள் என்றேன். செத்தது தெரியாமல் கொடுத்தாள் என்பதையும் சொன்னேன். அத்தை அதை முந்தானையில் துடைத்து ஓலைப்பெட்டிக்குள் வைத்தார்.

"இந்தச் சேல அவளுது இல்லையே அத்தை" என்றேன்.

"இல்லதான். எவ பெத்த புள்ளையோ உடுத்துனது. அவ உடுத்துனதும் எவளோ உடுத்துனதுதான. இருக்கட்டும். உள்ள ரெண்டு பேரா இருந்துட்டுப் போறாக." பிறகு அடுப்பைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்து வந்த வெண்கலப் பானை அதன் பக்கத்தில் இருந்தது. அதைத் தள்ளி வைத்தார்.

"அந்தச் சாக்க எறக்கிட்டு வா. அவ துணியக் குடுத்து வாங்குனதுல்ல, அதுலயே பொங்க வைப்போம். இந்த வீட்டுல இப்ப அவளுதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

நான் எழுந்து ஏணியை வைத்தேன்.

"மூடி இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"இருக்கு அத்தை. கேட்டு வாங்குனேன்."

"நல்லதாப் போச்சு."

சாக்கை இறக்கிக் கொண்டுவந்து கிணற்றடியில் அவிழ்த்தேன். பானை புதிதாகவே இருந்தது. வயிற்றில் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒரு வருடம் ஆகிவிட்டதால் நன்றாகப் பிடித்துக்கொண்டு, துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. தண்ணீர் விட்டுச் சுரண்டினேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். முக்கால்வாசி போனபோது எனக்கு அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. விறகை முறித்து அடுப்புக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மெதுவா வெளக்கிட்டு வா ஆத்தா. அரிசி ஊறட்டும்."